நாமு சொல்ல ஓர் ஆள்: மாண்டே ஜெலிகளின் கலை அயல் மேடை ஏறும்போது

மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டே மக்களிடையே ஒரு ஜெலி, அதாவது பரம்பரைக் கதைசொல்லி, கதை சொல்ல உட்கார்ந்தால் அங்கே மூன்று பேராவது இருந்தாக வேண்டும். கதை சொல்பவர் ஒருவர். வரிக்கு வரி 'நாமு' என்று ஆமோதிக்கும் துணையாள் ஒருவர். யாருடைய குலப்பெருமை சொல்லப்படுகிறதோ அவர் ஒருவர். இதே கலையைப் பாரிஸுக்கோ லண்டனுக்கோ அழைக்கும்போது பெரும்பாலும் முதல் ஆளுக்கு மட்டும்தான் விமானச் சீட்டு எடுக்கிறார்கள். ஆப்பிரிக்கப் பண்பாட்டை அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சிகள் பல சப்பென்று முடிந்துவிடுவதற்குக் கலைஞரையும் குறை சொல்ல முடியாது, கூட்டத்தையும் குறை சொல்ல முடியாது. காலியாகக் கிடக்கும் அந்த இரண்டு இடங்கள்தாம் காரணம்.

ஆப்பிரிக்கக் கலை என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் பிடிக்க ஒன்றும் கிடைக்காது. அது ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொண்ட கண்டம். அதனால் இங்கே ஒரே ஒரு மரபை எடுத்துக்கொள்வோம். அதன் கதை, இசை, துணி ஓவியம் மூன்றும் பிறந்த இடத்தில் எப்படி நடக்கின்றன, வெளியூர்க் கூட்டத்துக்கு முன்னால் வரும்போது எங்கே இடறுகின்றன என்று பார்க்கலாம்.

மாண்டே ஒரு நாடல்ல. மாலி, கினி, செனகல், காம்பியா, கினி-பிசாவ், ஐவரி கோஸ்ட், புர்கினா ஃபாசோ எனப் பல நாடுகளில் பரவி, மனின்கா, மன்டிங்கா, பாமனா, ஜூலா போன்ற நெருங்கிய உறவுடைய மொழிகளைப் பேசும் மக்கள் இவர்கள். 13ஆம் நூற்றாண்டில் சுன்ஜாட்டா கெய்ட்டா நிறுவிய மாலிப் பேரரசிலிருந்துதான் இவர்களில் பெரும்பாலோர் தங்கள் வரலாற்றைத் தொடங்குகிறார்கள். இந்தச் சமூகத்தில் சில தொழில்கள் பிறப்பால் வருபவை. இரும்பு வேலை நுமு குடும்பங்களுக்கு, தோல் வேலை கராங்கே குடும்பங்களுக்கு, சொல்லும் இசையும் ஜெலி குடும்பங்களுக்கு. காம்பியாப் பக்கம் ஜெலியை ஜாலி என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வழியாக வெளியுலகம் அறிந்த பெயர் கிரியோ. குயாத்தே, டியாபாத்தே, சிசோக்கோ என்ற குடும்பப் பெயரைக் கேட்டாலே ஜெலி வீட்டுப் பிள்ளை என்று அங்கே தெரிந்துவிடும். டியாபாத்தேயே காம்பியாவில் ஜோபார்த்தே ஆகிறது.

ஜெலியைப் பாடகர் என்று மட்டும் எண்ணினால் பாதி வேலை கண்ணுக்குத் தெரியாமல் போகும். பெயர்சூட்டு விழாவிலும் திருமணத்திலும் முன்னோர் வரிசையைச் சொல்வது, இரண்டு குடும்பங்களுக்கு இடையே தூது போவது, சண்டையைத் தீர்த்துவைப்பது, தலைவர் தணிந்த குரலில் சொன்னதைக் கூட்டத்துக்கு உரக்கச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. 1352இல் மாலி அரசவைக்குப் போன பயணி இப்னு பதூதா, அங்கே அரசருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த தூகா என்பவர், அடியில் சிறு சுரைக்குடுக்கைகள் கட்டிய ஒரு கருவியை வாசித்துக்கொண்டு அரசரின் போர்ச்செயல்களைப் பாடியதை எழுதிவைத்திருக்கிறார். மொழிபெயர்ப்பவரும் வாசிப்பவரும் புகழ்பாடுபவரும் ஒரே ஆள். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மேடையில் மொழிபெயர்ப்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு இங்கேயே விடை இருக்கிறது.

கதை எப்படி நகர்கிறது

சுன்ஜாட்டா காவியத்தின் எலும்புக்கூட்டைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். தோ நாட்டை அழித்துவந்த எருமைப் பெண்ணை இரண்டு வேடர் சகோதரர்கள் வீழ்த்துகிறார்கள். பரிசாக அழகிகளை விட்டுவிட்டு, அவலட்சணம் என்று எல்லோரும் ஒதுக்கிய சோகோலோனைத் தேர்ந்தெடுத்து மாண்டே அரசனுக்கு மணமுடித்து வைக்கிறார்கள். அவள் பெற்ற பிள்ளை வருடக்கணக்காக நடக்காமல் தவழ்கிறான். தாய்க்கு நேர்ந்த ஓர் அவமானத்தைத் தாங்காமல் இரும்புக் கோலை ஊன்றி எழுகிறான். கோல் வளைகிறது, அவன் நிற்கிறான். பிறகு நாடு கடந்து மேமா வரை அலைகிறான். இதற்கிடையில் சோசோவின் மன்னன் சூமவோரோ காந்தே மாண்டேயைப் பிடித்துக்கொள்கிறான். 1235 வாக்கில் கிரினாவில் நடந்த போரில் சுன்ஜாட்டா அவனை வெல்கிறான்.

இப்படிச் சுருக்கிச் சொன்னதை ஜெலி கேட்டால் சிரிப்பார். அவர் சொல்வது இந்த வரிசைப்படியான கதையை அல்ல. முழுக் காவியத்தையும் ஒரே அமர்வில் சொல்வது ஊர்ப் பழக்கத்தில் அரிது. அச்சில் வந்த முழுநீள வடிவங்கள் பலவும் ஆய்வாளர்கள் கேட்டதற்காகச் சொல்லப்பட்டவை. ஊரில் நடப்பது வேறு. எதிரே உட்கார்ந்திருப்பவர் த்ராவோரே குலத்தவர் என்றால் எருமையை வீழ்த்திய வேடர்களின் பகுதியும், மேற்கே படை நடத்திப்போன திராமகான் த்ராவோரேயின் பகுதியும் விரியும். குயாத்தே வீட்டில் சொன்னால், சூமவோரோவின் மறைவறைக்குள் நுழைந்து அவனுடைய பாலஃபோன் என்ற மரச்சட்டக் கருவியை வாசித்த, சுன்ஜாட்டாவின் ஜெலி பாலா ஃபசேக்கேயின் பகுதி நீளும். சூமவோரோவே தோற்றவன்தான், ஆனாலும் காந்தே குலத்தார் இருக்கும் சபையில் அவனை இழிவாகப் பேசிவிட முடியாது. கேட்பவர் யார் என்பதே எந்தப் பகுதி, எவ்வளவு நீளம், எந்தத் தொனி என்று முடிவு செய்கிறது.

சொல்முறை மூன்று நிலைகளில் மாறி மாறிப் போகும். முதலாவது சாதாரணப் பேச்சு. நிகழ்ச்சிகள் இதில்தான் நகரும். இரண்டாவது ஓதல், குரல் உயர்ந்து, சொற்கள் நெருங்கி, குலப்பெயர்களும் பட்டங்களும் பழமொழிகளும் கொட்டும். மூன்றாவது பாட்டு, கூட்டத்துக்குத் தெரிந்த பழைய வரிகள். மொழி தெரியாத ஒருவருக்குக்கூட ஓதல்தான் மயிர்க்கூச்செறிய வைக்கும் இடம். அதே ஓதல்தான் மொழிபெயர்ப்புக்கு அகப்படாத இடமும். பெயர்களின் அடுக்கு அது, சொல்லச் சொல்லப் பொருள் ஏறுவது அந்தப் பெயர்களை உடையவர்களுக்குத்தான்.

இந்த மூன்றையும் கோத்துக்கொண்டு போவது 'நாமு'. அரபு மொழியில் 'ஆம்' என்பதற்கான சொல்லிலிருந்து வந்தது. நம் வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் போடும் 'ஆமா' செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது. ஓதலின்போது ஜெலிக்கு மூச்சு வாங்க இடம் தருகிறது, வரி எங்கே முடிந்தது என்று காட்டுகிறது, சபையின் சார்பில் ஏற்றுக்கொள்கிறது. நாமு இல்லாவிட்டால் ஜெலி வேகம் குறைவார், ஓதலைச் சீக்கிரம் விட்டுவிட்டுப் பாட்டுக்குத் தாவிவிடுவார். அயல் மேடைகளில் ஜெலி நிகழ்ச்சி வெறும் இசைக் கச்சேரியாகச் சுருங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீர்வு கடினமானதல்ல. குழுவில் இரண்டாவதாக ஒருவரை அழைக்க வேண்டும், அவ்வளவுதான். பணம் இல்லையென்றால் அந்த நகரத்திலேயே வாழும் மாலிக்காரர் அல்லது காம்பியாக்காரர் ஒருவரை முன்கூட்டியே உட்காரவைக்கலாம். கூட்டத்தையே 'நாமு' சொல்லப் பழக்குவதும் உண்டு. ஆனால் இருநூறு பேர் சேர்ந்து சொல்லும்போது அது வரிக்குப் பின்னால் தாமதமாக விழும், ஓதலின் வேகத்தைக் கெடுக்கும். ஒருவர் சொல்லி, கூட்டம் பாட்டுப் பகுதியில் மட்டும் சேர்ந்துகொள்வதே சரியாக வரும்.

மொழிபெயர்ப்பில் நடக்கும் பிழை இரண்டு வகை. வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி மொழிபெயர்த்தால் ஓதல் செத்துவிடும். திரையில் வரிகளை ஓடவிட்டாலோ, ஜெலி நேற்றுச் சொன்னதை இன்று அப்படியே சொல்லப்போவதில்லை; மூன்றாவது நிமிடத்திலேயே திரையும் குரலும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். தூகாவின் நாற்காலியை மீண்டும் போடுவதே நல்ல வழி. கூட்டத்தின் மொழி தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் மூன்று நான்கு நிமிடம் கதையைச் சொல்லட்டும். பிறகு ஜெலி பத்துப் பதினைந்து நிமிடம் தடையில்லாமல் போகட்டும். அந்த நேரத்தில் அதே மொழிபெயர்ப்பாளர் நாமு சொல்லிக்கொண்டு இருக்கலாம். தொண்ணூறு நிமிட நிகழ்ச்சியில் இப்படி இரண்டு பகுதிகள் போதும். பிறப்பிலிருந்து கிரினா வரை எல்லாவற்றையும் நுழைத்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் அமைப்பாளர்தான் எதையும் காட்டாமல் அனுப்புகிறார்.

மூன்றாவது ஆள், அதாவது புகழப்படுபவர், இன்னும் சிக்கல். குலப்பெயருக்கு ஜாமு என்று பெயர். ஜாமுவைச் சொல்லி அழைத்தால் அந்த ஆளின் முன்னோர் எல்லோரையும் அழைத்ததாகப் பொருள். அவர் பதிலுக்கு ஏதாவது தர வேண்டும். பணத்தாளை ஜெலியின் நெற்றியில் ஒட்டலாம், கோரா என்ற தந்திக் கருவியின் ஒலித்துளைக்குள் போடலாம். தந்தவரின் பெயரை ஜெலி உடனே உரக்கச் சொல்வார். இது பிச்சையும் அல்ல, அன்பளிப்பும் அல்ல. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள கணக்கு. நுழைவுச்சீட்டு வாங்கிய கூட்டம் ஏற்கனவே பணம் கொடுத்தாகிவிட்டது என்று நினைக்கும். யாராவது எழுந்து மேடைக்குப் போனால் காவலாளி தடுப்பார். அதனால் அரங்கப் பணியாளர்களிடம் இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும், மேடைக்கு ஏறப் படி இருக்க வேண்டும். வெளியாருக்கு மாண்டே குலப்பெயர் ஒன்றைக் கொடுத்துத் தன் வட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளும் பழக்கம் மாலியில் சகஜம். மேடையில் ஜெலி முன்வரிசையில் ஒருவரிடம் பெயர் கேட்டு அவரை 'த்ராவோரே' ஆக்கினால் அது வேடிக்கைக்காக மட்டும் அல்ல. த்ராவோரேக்கும் டியாராவுக்கும் கேலி உறவு உண்டு. நீ அவரைக்காய் தின்னி என்று ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளலாம், கோபப்படக் கூடாது. ஒருவரை த்ராவோரேயும் இன்னொருவரை டியாராவும் ஆக்கிவிட்டால், அரங்கத்தில் ஐந்தே நிமிடத்தில் ஒரு சபை உருவாகிவிடும்.

கோரா: குடம், தோல், 21 தந்தி

விளம்பரத் தாள்களில் எழுநூறு ஆண்டுப் பழமையான கோரா என்று போடுவது வழக்கமாகிவிட்டது. நம்ப வேண்டாம். சுன்ஜாட்டா கதைக்குள் வரும் கருவி பாலஃபோன். கோரா பிறந்தது மேற்கே, காபு என்று அழைக்கப்பட்ட பகுதியில். இன்றைய கினி-பிசாவ், செனகலின் காசமான்ஸ், காம்பியா. 1799இல் அச்சான பயண நூலில் மங்கோ பார்க் 18 தந்திகளுள்ள பெரிய யாழ் ஒன்றைக் 'கொரோ' என்று குறிப்பிடுகிறார். இன்று நிலைபெற்றிருப்பது 21 தந்தி. காசமான்ஸில் 22 தந்தியும் உண்டு.

அதன் உடல் நன்றாக முற்றி உலர்ந்த பெரிய சுரைக்குடுக்கையின் பாதி. வாய் அகலம் அரை மீட்டரை ஒட்டி இருக்கும். மயிர் வழித்த மாட்டுத்தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, இளகியதும் குடத்தின் வாயில் போர்த்தி, அடியில் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். இரண்டு பிடிகோல்களும் குறுக்குக் கட்டையும் தோலுக்கு அடியில் போகும். குடத்தை ஊடுருவிச் செல்லும் கடினமரத் தண்டு ஏறக்குறைய 120 சென்டிமீட்டர். பல நாள் வெயிலில் காய்ந்து தோல் முறுகியதும் கயிற்றை அவிழ்த்து, விளிம்பில் குமிழ் ஆணிகளை வரிசையாக அடித்து முடிப்பார்கள். தோல் தடித்துப்போனால் ஓசை அடைக்கும். மெலிந்துபோனால், தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டையின் அழுத்தத்தில் ஓராண்டுக்குள் பள்ளம் விழும்.

குதிரை உயரமானது, தோலின்மேல் செங்குத்தாக நிற்கும், இரு பக்கமும் வெட்டுகள் இருக்கும். இடப்பக்கம் 11 தந்தி, வலப்பக்கம் 10. மிகத் தாழ்ந்த நான்கு தந்திகளும் இடப்பக்கம். அதன்பிறகு சுரங்கள் வலம், இடம் என்று மாறி மாறி ஏறும். உச்சியில் மூன்று தந்தி வலப்பக்கமே அமையும். கட்டைவிரல்கள் இரண்டும் கீழ்ச்சுரங்களை, ஆட்காட்டி விரல்கள் இரண்டும் மேல்சுரங்களை மீட்டும்; மற்ற விரல்கள் பிடிகோலைப் பற்றியிருக்கும். திரும்பத் திரும்ப வரும் அடிப்படைச் சுழற்சிக்கு கும்பெங்கோ என்று பெயர், அதிலிருந்து பீறிட்டு இறங்கும் வேகப்பிடிகளுக்கு பிரிமின்டிங்கோ. இரண்டு கையும் ஒரு மெட்டைப் பங்கு போட்டு வாசிப்பதால், கேட்பவருக்கு இரண்டு மூன்று பேர் வாசிப்பதுபோல் இருக்கும்.

சுருதி அமைப்புகளில் நான்கு பெரிதாகச் சொல்லப்படும்: சிலாபா என்கிற தொமோரா பா, தொமோரா மெசெங்கோ, ஹார்டினோ, சவுத்தா. கர்நாடக இசை தெரிந்தவருக்கு ஹார்டினோ ஏறக்குறைய சங்கராபரணத்தின் சுரங்கள், சவுத்தாவில் மத்தியமம் மட்டும் கல்யாணியைப்போல் ஏறும் என்றால் புரிந்துவிடும். அந்த மத்தியமம் 21 தந்திகளில் இரண்டு இடங்களில்தான் வருகிறது, ஆகவே ஹார்டினோவிலிருந்து சவுத்தாவுக்கு மாறுவது மேடையிலேயே செய்யக்கூடிய வேலை. சிலாபா அப்படியல்ல. அதன் இடைவெளிகள் பியானோவின் கட்டைகளுக்கு நடுவே விழுபவை. மின்னணுச் சுருதிமானியில் பச்சை விளக்கு எரியும்வரை திருகினால் சிலாபாவின் குணமே போய்விடும். பியானோ, கிடாருடன் சேர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சியானால் ஹார்டினோவில் அமையும் உருப்படிகளை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

தந்திகள் முன்பு மான்தோலை நறுக்கி முறுக்கியவை. இப்போது மீன்பிடி நைலான் நரம்பு, சிலர் யாழ்த் தந்தியும் போடுகிறார்கள். தந்திகளை இழுத்துப் பிடிப்பது தண்டில் இறுக்கிச் சுற்றிய தோல் வளையங்கள், பெயர் கொன்சோ. வளையத்தைக் கையால் அழுத்தி நகர்த்தினால் சுருதி மாறும். புது நைலான் பல நாள் நீண்டுகொண்டே இருக்கும். அதனால் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் தந்தி மாற்றக் கூடாது. ஈரக்காற்றில் தோல் தளர்ந்து குதிரை அமிழும், எல்லாத் தந்தியும் சேர்ந்து இறங்கும். குளிர்நாட்டு அரங்குகளின் சூடேற்றிய வறண்ட காற்றில் இதற்கு நேர்மாறு. தோல் இறுகும், சுருதி ஏறும், மோசமானால் ஆணி வரிசையை ஒட்டித் தோல் கிழியும். கருவி அரங்குக்குள் வந்து இரண்டு மணி நேரமாவது ஆன பிறகே சுருதி சேர்க்க வேண்டும், மேடை விளக்குகள் எரிகிற நிலையில். ஒலிச்சோதனைக்கு அரை மணி ஒதுக்கும் அரங்குகளில் இதை முதலிலேயே எழுதிக் கேட்டு வாங்காவிட்டால் நடக்காது. வளையங்களுக்குப் பதில் கிடார்த் திருகுகளைப் பொருத்திய கோராக்கள் பெருகியதற்குக் காரணம் இந்த அவசரம்தான். ஆனால் 21 இரும்புத் திருகுகள் தண்டின் எடையைக் கூட்டி, கருவியை முன்பக்கம் சாய வைக்கும்.

குதிரையை ஒட்டுவதில்லை. தந்திகளின் இழுவைதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. எல்லாத் தந்தியையும் ஒருசேரத் தளர்த்தினால் விழுந்துவிடும், இது தெரியாதவர் கைக்குக் கோரா போகக் கூடாது. 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து பாரிஸில் இறங்கிய பாலாக்கே சிசோக்கோ பெட்டியைத் திறந்தபோது தண்டு வேறு, குதிரை வேறு, தந்தி வேறாகக் கிடந்தது. பெட்டிக்குள் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் சோதனைத் தாள் இருந்தது. தாங்கள் பெட்டியைத் திறக்கவே இல்லை என்று அந்த நிர்வாகம் மறுத்தது. சரக்குப் பெட்டியாக அனுப்பாமல் கருவிக்குத் தனி இருக்கை எடுப்பது வீண் செலவு அல்ல.

பாலஃபோனில் வேறு விதமான சண்டை. தீயில் மெல்ல வாட்டி உலர்த்திய மரச்சட்டங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குடுக்கை. சட்டத்தின் அடியில் நடுவே செதுக்கினால் சுரம் இறங்கும், முனையில் செதுக்கினால் ஏறும். குடுக்கையின் பக்கத்தில் துளையிட்டு, சிலந்தி முட்டைக்கூட்டின் மெல்லிய சவ்வை ஒட்டுவார்கள்; இப்போது சிகரெட் தாளோ பிளாஸ்டிக் தாளோ. அதனால் ஒவ்வொரு அடியும் ஒரு ரீங்காரத்தோடு வரும். கோராவின் குதிரையிலும் ஓரத்தில் கம்பி வளையங்கள் கோத்த தகடு ஒன்றைச் செருகுவார்கள், அதே காரணத்துக்காக. ஒலிப்பொறியாளர்கள் பலர் இதைக் கோளாறு என்று நினைத்துத் தகட்டைக் கழற்றச் சொல்கிறார்கள், மேல் அலைவரிசையை வெட்டுகிறார்கள். வெட்டிய பிறகு கிடைப்பது சுத்தமான, ஊர்பேர் தெரியாத ஓசை. மனின்காப் பாலஃபோனில் எண்மத்தை, அதாவது ஸ முதல் மேல் ஸ வரையுள்ள தூரத்தை, ஏறக்குறைய சமமான ஏழு படிகளாகப் பிரிப்பதும் உண்டு, அது கிடாருடன் ஒட்டவே ஒட்டாது. அது கருவியின் இயல்பு, பிழை இல்லை என்பதைச் சேர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒத்திகைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஜெம்பே முரசை வாசிப்பவரையெல்லாம் கிரியோ என்று அறிமுகம் செய்வதும் நடக்கிறது. ஜெம்பே ஜெலி குடும்பத்துக்கு உரிய கருவி அல்ல. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

பெண்களைப் பற்றி ஒரு சொல். கருவி ஆண்களுடையது, குரல் பெண்களுடையது என்பது பழைய பங்கீடு. ஜெலிமுசோ பாடுவார், கையில் இரும்புக்குழலைத் தட்டித் தாளம் தருவார். மாலியில் புகழில் உச்சத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் பாடகியரே. காண்டியா குயாத்தேயின் பெயர் தெரியாத வீடு அங்கே இருக்காது. வெளியுலகம் கோராவையே தேடிப் போனதால் ஆண் வாசிப்பாளர்கள் மேடையின் நடுவுக்கு வந்தார்கள். 1988இல் தனிக் கோரா இசைத்தட்டு வெளியிட்ட தூமானி டியாபாத்தே அந்த மாற்றத்தின் முகம், 2024இல் காலமானார். காம்பியாவின் ஜோபார்த்தே குடும்பத்தைச் சேர்ந்த சோனா ஜோபார்த்தே பெண்ணாகக் கோராவைக் கையில் எடுத்தது இந்தப் பின்னணியில் சின்ன விஷயமில்லை.

அரசு போட்ட மேடை

ஊர்க்கலை பெருமேடைக்கு வந்தது இன்று நேற்றல்ல. கினியைச் சேர்ந்த ஃபொதேபா கெய்ட்டா 1952இல் பாரிஸில் தொடங்கிய ஆப்பிரிக்க நடனக் குழு, 1958இல் நாடு விடுதலை பெற்ற பிறகு தேசியக் குழுவானது. வட்டமாக நின்று ஆடியதை அவர்கள் கூட்டத்தைப் பார்த்த நேர்வரிசையாக மாற்றினார்கள். இரவு முழுதும் நீளும் ஆட்டம் சில நிமிடக் காட்சியாயிற்று. வெவ்வேறு ஊர்களின், வெவ்வேறு சடங்குகளின் தாளங்கள் ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து வந்தன. தூய்மைவாதிகள் இதைக் குறை சொல்வார்கள். ஆனால் ஜெம்பேயை உலகம் அறிந்தது இந்த வழியில்தான், இன்றைய மேடை மரபின் அடித்தளமும் இதுதான். விலையும் இருந்தது: கலைஞர் அரசின் சம்பளக்காரர் ஆனார், ஜெலி புகழ வேண்டிய ஆள் அதிபர் ஆனார். ஃபொதேபா கெய்ட்டா அமைச்சராகவும் இருந்து, 1969இல் அதே ஆட்சியின் போய்ரோ சிறை முகாமில் உயிரிழந்தார். மாலி 1961இல் தன் தேசிய இசைக்கருவிக் குழுவை அமைத்தது. செனகல் ஒருபடி மேலே போயிற்று. அதன் முதல் அதிபர் செங்கோர் எழுதிய நாட்டுப்பண்ணின் முதல் வரியே கோராவை மீட்டச் சொல்லி, பாலஃபோனைத் தட்டச் சொல்லித் தொடங்குகிறது.

சேற்றால் எழுதும் துணி

கதை, இசையோடு ஓவியத்தையும் சேர்க்கும் நிகழ்ச்சிகளில் இன்று தவறாமல் வருவது போகோலான், பாமனாப் பெண்களின் சேற்றுத் துணி. இரண்டு மணி நேரப் பயிலரங்கு என்று அறிவிப்பார்கள். உண்மையான வேலைக்கு அது போதாது என்பதால் பெரும்பாலும் கறுப்புச் சாயத்தில் அச்சு வைத்து அனுப்பிவிடுகிறார்கள்.

நடப்பது இது. ஆண்கள் குறுகிய பட்டைகளாக நெய்த பருத்தியைச் சேர்த்துத் தைத்து, துவைத்துச் சுருங்கவிடுவார்கள். ங்காலமா மரத்தின் இலைகளை ஊறவைத்த அல்லது காய்ச்சிய நீரில் நனைத்தால் துணி மஞ்சளாகும். இலையிலுள்ள துவர்ப்பொருள் நூலில் ஏறிக்கொள்ளும். வெயிலில் காயவைத்த பிறகு, குளத்தடியில் எடுத்துப் பானையில் மாதக்கணக்காக, சிலர் ஓராண்டு வரை புளிக்கவிட்ட சேற்றைக் குச்சியாலோ இரும்புத் தகட்டாலோ பூசுவார்கள். சேற்றிலுள்ள இரும்பு துவர்ப்பொருளோடு சேர்ந்து கறுப்பாகிறது. காய்ந்ததும் கழுவினால் மண் போய்விடும், கறுப்பு நிற்கும். மறுபடி இலைநீர், மறுபடி சேறு. கவனிக்க வேண்டியது, பழைய முறையில் பூசப்படுவது உருவம் அல்ல. உருவத்தைச் சுற்றியுள்ள வெளிதான். கடைசியில் மஞ்சளாக மிஞ்சிய கோடுகளின்மேல் காரக் கலவை தடவி வெயிலில் போட்டால் அவை வெளுத்து வெள்ளையாக எழும்.

பயிலரங்கு நடத்துபவர் துணியை முன்பே துவர்நீரில் இருமுறை நனைத்து, உலர்த்தி எடுத்துப் போக வேண்டும். ங்காலமா கிடைக்காத ஊரில் கடுக்காய் நீர் அதே வேலையைச் செய்யும். நம் கலம்காரித் துணியின் கறுப்பும் கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து பிறப்பதுதான். பாலியெஸ்டர் கலந்த துணியில் துவர்ப்பு ஏறாது, கழுவியதும் எல்லாம் போய்விடும். சாதாரணத் தோட்டத்து மண்ணில் கிடைப்பது சாம்பல் நிறம். அவசரத்துக்கு இரும்புச் சல்பேட்டை அள்ளிப் போட்டால் அன்று கறுப்பு அருமையாக வரும், சில வருடத்தில் அந்த இடம் மட்டும் இற்றுப்போகும். சேறு முழுதும் காயும் முன் கழுவுவதுதான் எல்லாவற்றிலும் அதிகம் நடக்கும் தவறு.

இந்தத் துணிக்கும் ஓர் ஆள் உண்டு. வேடர் உடுத்தும் துணி வேறு. பெண் வாழ்க்கையில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் சடங்கில் உடுத்தும் துணி வேறு. உருவங்களின் பெயர் ஊருக்கு ஊர் மாறும், சிலவற்றின் உட்பொருள் மூத்த பெண்களோடு நின்றுவிடும். அப்படியிருக்க, இந்தக் குறி வீரம், அந்தக் குறி செல்வம் என்று சீட்டில் அச்சடித்துக் கொடுப்பது ஏமாற்று வேலை. 1978இல் மாலியின் தலைநகர் பமாக்கோவில் உருவான போகோலான் கசோபானே என்ற ஆறு ஓவியர்களின் குழு வேறு வழியில் போயிற்று. சேற்றையும் இலைகளையும் ஓவியப் பொருளாக எடுத்துக்கொண்டு தங்கள் சொந்த உருவங்களை வரைந்தார்கள். ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ் செய்டூவோ வெட்டித் தைக்க வாகான வடிவங்களைத் தேர்ந்து பாரிஸ் நாகரிகத்துக்குள் கொண்டுபோனார். குழுவும் சரி, செய்டூவும் சரி, பழைய குறிகளுக்குப் பொருள் சொல்கிறோம் என்று கிளம்பவில்லை.

பகிராமல் வைத்திருப்பவை

கினியின் வடக்கே நியாகசோலாவில் சோசோ பாலா இருக்கிறது. சூமவோரோவிடமிருந்து பாலா ஃபசேக்கே வழியாக வந்ததாக மரபு சொல்லும் பாலஃபோன். ஒன்றரை மீட்டர் நீளம், இருபது சட்டங்கள். யுனெஸ்கோ 2001இல் அறிவித்து, 2008இல் பட்டியலில் சேர்த்த மரபு இது. பாலாதிகி என்கிற குடும்பத் தலைவரே அதற்குப் பொறுப்பு. இஸ்லாமியப் புத்தாண்டு போன்ற சில நாள்களில்தான் வெளியே வரும். பிள்ளைகள் ஏழு வயதிலிருந்து வேறு பாலஃபோன்களில் பழகுகிறார்கள். மாலியின் கங்காபாவில் கமாப்லோன் என்ற வட்டக் குடிலுக்கு ஏழு ஆண்டுக்கு ஒருமுறை புதுக்கூரை வேய்வார்கள். அந்த இரவில் கேலா ஊரின் டியாபாத்தே ஜெலிகள் உள்ளே உட்கார்ந்து மாண்டேயின் வரலாற்றை ஓதுவார்கள். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகும் உள்ளே ஒலிப்பதிவுக்கு அனுமதி இல்லை.

வெளியூர் அமைப்பாளர்களுக்கு இதில் நேரடியான பாடம் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. மேடையில் சொல்ல ஒப்புக்கொண்ட ஜெலி பதிவுக்கும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. அரங்கில் சொல்வதற்கு, ஒலிப்பதிவுக்கு, காணொளிக்கு, இணையத்தில் ஏற்றுவதற்கு என்று தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாக விலை பேசி, எந்தப் பகுதியைப் பதியக் கூடாது என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். வரலாறு ஒருவருடைய சொத்து அல்ல, குடும்பத்துடையது. ஆகவே இளைய கலைஞர் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் அதைத் தயக்கம் என்று எடுத்துக்கொண்டு நெருக்காமல், அந்தத் தொலைபேசி அழைப்புக்கு இரண்டு வாரம் ஒதுக்க வேண்டும்.